பெங்களூரிலிருந்து கொண்டுபோன மண்

கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை பெங்களூர்ப் பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிஷெ என்ற நிலக்கடலைச் சந்தைக்கு, அனுமந்தநகரில் குடியேறிய இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் நான் போகாமல் விட்டது ஒன்றிரண்டு தடவைதான் இருக்கும். பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் கட்டியதாகச் சொல்லப்படும் பெரிய பசவண்ணன் கோயிலை ஒட்டிய சாலையின் இரு பக்கமும், கோலாரிலிருந்தும் சிந்தாமணியிலிருந்தும் மாகடியிலிருந்தும் நம் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் வந்த காய் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருக்கும். ஒவ்வொரு அம்பாரத்திலும் ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கி, பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். செஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது தானாக வரும் பழக்கம். முற்றிக் காய்ந்த காய் குலுங்கும், பருப்பில்லாத பொக்கு அழுத்தியவுடன் உள்ளே போய்விடும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு காயை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஊரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். மல்லாட்டையை (எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை அப்படித்தான் சொல்வோம்) ஆய்ந்து, காயவைத்து, மூட்டை பிடித்தாயிற்று என்றும், போன வருடத்தைவிட ஒரு மூட்டைகூட ஏறவில்லை என்றும் சொன்னார். பிறகு குரலில் கோபம் ஏதும் இல்லாமல் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: "பெங்களூர்லேருந்து மண்ண வாங்கியாந்து நம்ம மண்ணுல கொட்டனதுதாம்பா மிச்சம்."

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. சித்தப்பா யாரையும் குத்திப் பேசும் மனிதர் அல்லர். அப்பா இறந்தபின் எங்கள் இரண்டரை ஏக்கரையும் தம்முடைய நிலத்தோடு சேர்த்து அவர்தாம் பார்த்துவருகிறார். நான் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போய் வரப்பில் நின்றுவிட்டுத் திரும்புகிறவன். அப்படிப்பட்ட நான், அந்த ஆண்டு கோடை விடுமுறையில், நுண்ணுயிர் உரத்தைப் பற்றி எங்கெங்கோ படித்ததை நம்பி, இங்கே ஒரு விதைக்கடையில் வேரில் முடிச்சு உண்டாக்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் பாக்டீரியா மூன்று பாக்கெட்டும், மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா மூன்று பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, இதைப் போட்டால் உரச் செலவு குறையும், விளைச்சல் கூடும் என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன். அவர் என் பேச்சைத் தட்டாமல் போட்டார். விளைச்சல் கூடவில்லை. இதில் யார் மீது பிழை என்பதைக் கண்டறியாமல் அடுத்த ஆடிப் பட்டத்தில் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது.

அவர் மண் என்று சொன்னது கண்ணுக்குத் தெரிந்த வரையில் சரிதான். பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது கறுப்புப் பொடி. பெரும்பாலும் அது பழுப்பு நிலக்கரிப் பொடிதான். நெய்வேலியில் வெட்டியெடுக்கிறார்களே, அந்த வகை. பாக்டீரியாவை ஈரப்பதத்தோடு தாங்கி வைத்திருக்க அந்தப் பொடி ஒரு வண்டியாக உதவுகிறது, அவ்வளவுதான். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006இல் உயிர் உரங்களும் கொண்டுவரப்பட்டன. அதன்படி ஒரு கிராம் பொடியில் குறைந்தது ஐந்து கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். உயிருள்ள என்ற அந்தச் சொல்லை நான் பாக்கெட்டின் மேல் படித்திருந்தேன். படித்தும் அதன் பொருளை மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

கொதிக்கிற பாலில் உறை

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் திருப்பத்தூர்க்காரரான ஓர் அம்மா இருக்கிறார். ஒரு வேளாண் ஆய்வுக்கூடத்தில் மண் நுண்ணுயிர்ப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பரிஷெயில் வாங்கிய கடலையில் ஒரு படி அவருக்குக் கொடுக்கப் போன அன்று, சித்தப்பா சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவர் என் நியாயத்தையோ சித்தப்பாவின் நியாயத்தையோ கேட்கவில்லை. "எந்த மாசம் வாங்கினீங்க? ஊருக்கு எதுல கொண்டுபோனீங்க? விதைக்கிற வரைக்கும் எங்க வச்சிருந்தாங்க?" என்று மருத்துவர் கேட்பதைப்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எனக்கே விடை தெரிந்துகொண்டு வந்தது. மே மாதம் வாங்கினேன். காரின் பின்பெட்டியில் போட்டேன். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாக நடுப்பகல் வெயிலில் போய்ச்சேர்ந்தேன். ஊரில் அது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில், ஆடி மாதம் வரையில், பூச்சிமருந்து டப்பாக்களோடு இருந்தது.

"கொதிக்கிற பால்ல உறை ஊத்திட்டுத் தயிர் ஆகலைன்னு சொல்றீங்க" என்றார் அந்த அம்மா. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டில் பாலை ஆறவைத்து, விரலை விட்டுப் பதம் பார்த்து, பிறகுதான் உறைமோர் ஊற்றுகிறோம். குளிர்காலத்தில் பாத்திரத்தைத் துணியில் சுற்றி வைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிருக்கு என்ன சூடு ஒத்துக்கொள்ளும், என்ன ஒத்துக்கொள்ளாது என்பது அடுப்படியில் நமக்குக் கைவந்த அறிவு. அதே அறிவை வயலுக்கு எடுத்துப்போக எனக்குத் தோன்றவில்லை. பாக்கெட்டின் மேல் 'உரம்' என்று எழுதியிருந்ததால், யூரியா மூட்டையைப்போல எங்கே போட்டாலும் கிடக்கும் ஒரு பொருளாகவே அதை நடத்திவிட்டேன்.

ஆனால் அந்த அம்மா அதோடு நிறுத்தவில்லை. விதையில் எப்படிக் கலந்தார்கள் என்று கேட்டார். சித்தப்பாவுக்கு அங்கிருந்தே பேசினேன். வேரழுகல் வராமலிருக்க வழக்கமாகப் போடும் பூஞ்சணக்கொல்லி மருந்தையும் என் பாக்கெட்டையும் ஒரே அன்னக்கூடையில் விதையோடு சேர்த்துப் புரட்டியதாகச் சொன்னார். மருந்தை முதலில் கலந்து, ஒரு நாள் இடைவெளி விட்டு, பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் நுண்ணுயிர்ப் பொடியைக் குழைத்து விதைமேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, தாமதிக்காமல் விதைக்க வேண்டும் என்பது முறை. கொட்டகைச் சூட்டில் சாகாமல் எஞ்சியிருந்தவற்றை அந்தக் கூடை முடித்திருக்கும். அடுத்து, என்ன உரம் போட்டார் என்ற கேள்வி. ஏக்கருக்கு அடியுரமாக, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டி.ஏ.பி. ஒரு மூட்டை, இருபத்தைந்தாம் நாள் களை வெட்டியபின் யூரியா அரை மூட்டை என்றார். அந்த அம்மா ஒரு பழைய நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐம்பது கிலோ டி.ஏ.பி.யில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஒன்பது கிலோ. நாற்பத்தைந்து கிலோ யூரியா மூட்டையில் பாதி என்றால் இன்னும் பத்து கிலோவுக்குச் சற்று மேல். ஆக ஏக்கருக்குப் பத்தொன்பது கிலோ. ஹெக்டேர் கணக்கில் நாற்பத்தேழு கிலோவுக்கு மேல். மானாவாரி நிலக்கடலைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த பொதுப் பரிந்துரை, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து (பாஸ்பேட்) 10, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 45 கிலோ என்பது. சித்தப்பா ஏறக்குறைய ஐந்து மடங்கு தழைச்சத்தைக் கொடுத்திருக்கிறார். "உங்க பாக்கெட்டுல ஒண்ணு ரெண்டு உயிர் பிழைச்சிருந்தாலும் அதுக்கு அங்க வேலையே இல்லையே" என்றார் அந்த அம்மா.

இந்த வாக்கியத்தை நான் அன்று தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உரமும் பாக்டீரியாவும் ஒன்றுக்கொன்று பகை, உரத்தை அறவே நிறுத்தினால்தான் பாக்டீரியா வாழும் என்று எனக்குள் ஒரு முடிவு உண்டாகிவிட்டது. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு வேளாண்மையைப் பற்றிப் படிக்கிற பலரிடம் இந்த முடிவு இருக்கிறது. ரசாயனம் ஒரு பக்கம், இயற்கை ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டை அழித்தவை எங்கள் மொட்டைமாடியில் இருந்த ஒன்பது பைகள்.

மாடியில் ஒன்பது பைகள்

அடுத்த பிப்ரவரியில், தென்னைநார்க் கழிவும் ஆற்றுமணலும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்து ஒன்பது பைகளில் நிரப்பி, ஊரிலிருந்து கொண்டுவந்த விதைக்கடலையை ஊன்றினேன். வயல் மண்ணை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. மூன்று பைகளுக்கு உரம் மட்டும்: அடியில் மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட், பிறகு பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை சிட்டிகை யூரியா கரைத்த தண்ணீர். மூன்று பைகளுக்கு ரைசோபியம் பூசிய விதை மட்டும், உரம் ஏதுமில்லை. கடைசி மூன்று பைகளுக்கு ரைசோபியம் பூசிய விதை, அடியில் சூப்பர், முளைத்த வாரத்தில் ஒரே ஒரு தடவை யூரியாத் தண்ணீர். என் நம்பிக்கை முழுவதும் நடு மூன்றின் மேல் இருந்தது.

முதல் மூன்று வாரம் அந்த நம்பிக்கைக்கு இடமே கிடைக்கவில்லை. உரப் பைகள் கருகருவென்று வளர்ந்தன. நடுப் பைகளில் செடி வெளிறி, அடியிலை மஞ்சளாகி, சோறு கிடைக்காத பிள்ளையைப்போல நின்றது. விதைக்குள் இருக்கும் சேமிப்புத் தீர்ந்தபின், வேர்முடிச்சு வேலை தொடங்கும்வரை, செடிக்கு இரண்டு மூன்று வாரம் கைப்பிடிச் சோறு வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு அளவுக்குத்தான் ஹெக்டேருக்குப் பத்து கிலோ என்ற அந்தச் சின்ன எண். பரிந்துரையில் அந்த எண்ணைப் பார்த்தபோது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. வெளிறிய செடிகளைப் பார்த்தபின் அது எவ்வளவு யோசித்து வைத்த எண் என்று தெரிந்தது.

நாற்பத்தைந்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒவ்வொரு வகையிலும் ஒரு செடியைத் தண்ணீர் விட்டு இளக்கி, வேர் அறாமல் எடுத்து, வெள்ளைத் துணியில் வரிசையாகக் கிடத்தினேன். மேல்வீட்டு அம்மாவும் என் மகளும் கூட இருந்தார்கள். உரம் மட்டும் உண்ட செடியின் வேர் நீளமாக, வழவழவென்று, ஒரு முடிச்சுகூட இல்லாமல் இருந்தது. வயல் மண் கலவாத அந்த நார்க்கழிவில் பாக்டீரியா வருவதற்கு வழியே இல்லை என்பதால் அதில் வியப்பில்லை. நடுச்செடியில் முடிச்சுகள் இருந்தன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, எள்ளளவில். இரண்டும் பெற்ற செடியில்தான், ஆணிவேரின் மேல்பகுதியிலும் ஒவ்வொரு பக்கவேர் கிளைக்கும் கணுவிலும் கடுகைவிடப் பெரிய முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "எல்லாமே மூலையிலதான் இருக்குப்பா" என்றாள் மகள். அவள் கவனித்தது மிகச் சரியான ஒன்று என்று அந்த அம்மா சொன்னார். பட்டாணியிலும் சோயாவிலும் பாக்டீரியா வேர்த்தூவியைச் சுருட்டி அதன் வழியே உள்ளே நுழைகிறது. நிலக்கடலைக்கு அந்த மாதிரி வேர்த்தூவிகள் இல்லை. பக்கவேர் தாய்வேரின் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போது உண்டாகும் விரிசலில்தான் பாக்டீரியா உள்ளே போகிறது. பிளவு உள்ள இடத்தில் வாசல். வாசல் உள்ள இடத்தில் முடிச்சு.

பிறகு அவர் சவரப் பிளேடால் ஒரு முடிச்சைக் குறுக்கே நறுக்கினார். உள்ளே சிவப்பு. பீட்ரூட் நிறமில்லை, குண்டூசி குத்திய விரல்நுனியில் கோக்குமே, அந்த நிறம். மகள் ஒரு கணம் பின்வாங்கினாள். நடுச்செடியின் எள்ளளவு முடிச்சுகளில் இரண்டை நறுக்கியபோது ஒன்று வெளிறிய ரோஜா நிறம், மற்றொன்று ஏறக்குறைய வெள்ளை.

சிவப்பு

அந்தச் சிவப்பைப் பற்றி நான் அதன்பின் நிறையப் படித்தேன். இதை எழுதத் தூண்டியதும் அதுதான். நம் இரத்தத்துக்கு நிறம் கொடுக்கும் இரும்புச்சத்துப் புரதத்தின் உறவுக்காரப் புரதம் ஒன்று முடிச்சுக்குள் இருக்கிறது. அதன் பெயர் லெக்ஹீமோகுளோபின். அங்கே அது இருப்பதற்குக் காரணம் ஓர் இக்கட்டு. காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உகந்த வடிவமாக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கப் பாக்டீரியா மூச்சு விட்டாக வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனைத் தளர்வாக உலவ விடாமல் பிடித்து, தேவைக்குத் தேவை அளந்து கொடுக்கும் வேலையை அந்தச் சிவப்புப் புரதம் செய்கிறது. முடிச்சு சிவந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, வெளுத்திருந்தால் இல்லை.

அந்த வேலையின் கூலி மிகப் பெரியது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயம் பதினாறு செலவாகிறது. தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்ய 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப்போல நூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. ஜெர்மன் வேதியியலர் ஹேபர் 1909இல் அதைச் செய்துகாட்டி, 1913இல் அது ஆலையாயிற்று. முடிச்சு அதே வேலையை வெறும் மண்ணின் சூட்டில் செய்கிறது என்றாலும், செலவை இலையில் சமைத்த சர்க்கரையாகச் செடிதான் கொடுக்கிறது. எனவே மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாகத் தாராளமாகக் கிடைக்கும்போது செடி அந்தக் கூலியைக் கொடுப்பதில்லை. புதிய முடிச்சுகளைக் குறைக்கிறது, இருப்பவையும் ஓய்ந்துபோகின்றன. தினமும் மூன்று வேளையும் சாப்பாடு வாசலில் வந்து இறங்கினால் எந்த வீட்டில்தான் அடுப்பெரியும்? மேல்வீட்டு அம்மா "வேலையே இல்லையே" என்று சொன்னதன் பொருள் இதுதான். ஆனால் அதே ஏ.டி.பி.யின் உடலில் மூன்று பாஸ்பேட் இருக்கிறது. மணிச்சத்து குறைந்த மண்ணில் முடிச்சுக்கு நாணயமே அச்சடிக்க முடியாது. என் நடு மூன்று பைகள் ஏன் தோற்றன என்பதற்கும், உரம் சேர்ந்த கடைசி மூன்றில் முடிச்சு ஏன் திரண்டது என்பதற்கும் விடை இங்கே இருந்தது. தழைச்சத்து உரம் மிஞ்சினால் அது பாக்டீரியாவின் வேலையைப் பறிக்கிறது. மணிச்சத்து உரம் இல்லாவிட்டால் பாக்டீரியாவுக்கு வேலை செய்யவே வழியில்லை. 'உரம்' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டையும் அடைத்துவைத்துக்கொண்டு, போடலாமா கூடாதா என்று நான் சித்தப்பாவிடம் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே மாதக் கடைசியில் எஞ்சிய செடிகளைப் பிடுங்கியபோது, உரம் மட்டும் போட்ட பைகள் காயில் பின்தங்கிவிடவில்லை. அவையும் இரண்டும் பெற்ற பைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே காய்த்திருந்தன. ஆனால் முதல் வகை ஏழு தடவை யூரியா குடித்திருந்தது. மற்றது ஒரே தடவை. அந்த ஆறு தடவை யூரியாவைக் காற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தவை அந்தச் சிவப்பு முடிச்சுகள்.

சித்தப்பாவின் ஜிப்சம்

அந்த ஆண்டு ஆடிக்கு நான் பாக்கெட்டுகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, இரவுப் பேருந்தில் கொண்டுபோனேன். வாங்கும்போதே தேதியையும், பயிரின் பெயரையும் பார்த்தேன். சோயாவுக்கான ரைசோபியம் வேறு, நம் நிலக்கடலைக்கானது வேறு என்பதை அதற்குள் கற்றிருந்தேன். சித்தப்பாவிடம் வாதாடவில்லை. மாடியில் எடுத்த படங்களைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இது ரத்தமாட்டம் இருக்குதே" என்றார். சித்தி ஆறவைத்துக் கொடுத்த கஞ்சியில் பொடியைக் குழைத்து, முதல் நாளே மருந்து கலந்து வைத்திருந்த விதையில் இருவரும் பூசி, வேப்பமர நிழலில் சாக்கின்மேல் பரப்பினோம். ஏக்கருக்கு அரை மூட்டை சூப்பர், முப்பது கிலோ பொட்டாஷ், யூரியா ஒன்பது கிலோ மட்டும். டி.ஏ.பி.யைத் தவிர்த்துச் சூப்பரை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: எண்ணெய் வித்துக்கு வேண்டிய கந்தகமும், காய் திரளத் தேவையான சுண்ணாம்புச்சத்தும் சூப்பரோடு கூடவே வருகின்றன. இருபத்தைந்தாம் நாள் களை வெட்டியபின் யூரியா மூட்டையைத் தொடாமல் இருப்பதுதான் சித்தப்பாவுக்கு மிகக் கடினமாக இருந்தது. பக்கத்துக் கொல்லையில் பயிர் கரும்பச்சையாகத் தெரியும்போது தம்முடையது ஒரு மாற்றுக் குறைந்திருந்தால் எந்த விவசாயிக்கும் கை துறுதுறுக்கும். இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டார். முடிச்சை நறுக்கிப் பாருங்கள் சித்தப்பா என்று இரண்டு தடவையும் சொன்னேன். பார்த்திருக்கிறார், கைவைக்கவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் வழக்கம்போல ஏக்கருக்கு நூற்றறுபது கிலோ, சுண்ணாம்புச்சத்து உள்ள ஜிப்சம் போட்டு மண் அணைத்தார். அந்த ஐப்பசியில் காய் நன்றாக இருந்தது. பொக்கு குறைவு, பருப்பு திரட்சி. மூட்டைக் கணக்கை எழுதமாட்டேன். ஒரு கொல்லையின் ஓர் ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவுசெய்யக் கூடாது. அந்த ஆண்டு மழையும் விழுது இறங்கும் நேரத்தில் சரியாகப் பெய்தது. டி.ஏ.பி. மூட்டைக்கு 1,350 ரூபாய் வீதம் மிச்சமானதைச் சித்தப்பா நோட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் விளைச்சலுக்குக் காரணம் என்ன என்று கேட்டபோது, சற்றும் தயங்காமல், "ஜிப்சம் போட்டதுதாம்பா" என்றார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நிலக்கடலையின் விந்தை, பூ மேலே பூத்து, விழுது கீழே இறங்கி, காய் மண்ணுக்குள் உண்டாவது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச்சத்து, நீராவி போகும் இலையை நோக்கி மேலே போய்விடுகிறது. மண்ணுக்குள் புதைந்த காய்க்கு அது திரும்பி வருவதில்லை. காய் தன் தோலின் வழியாகத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே அது இல்லையென்றால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. அதனால்தான் ஜிப்சத்தைப் பூக்கும் பருவத்தில் செடியின் தூரில் போட்டு மண் அணைக்கிறோம். எந்த முடிச்சும் எவ்வளவு சிவந்திருந்தாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது. பொக்கு குறைந்ததற்குச் சித்தப்பா சொன்ன காரணம் என் காரணத்தைவிட நேரானது.

அத்தோடு, எங்கள் கொல்லை என் மாடிப் பையைப் போன்றதும் அன்று. தாத்தா காலத்திலிருந்து மல்லாட்டையும், ஊடுபயிராகக் காராமணியும் உளுந்தும் விளைந்த மண் அது. நிலக்கடலை வேரில் வாழும் பாக்டீரியா காராமணிக்கும் உளுந்துக்கும் பொதுவான கூட்டத்தைச் சேர்ந்தது. எனவே அந்த மண்ணில் அவை ஏற்கெனவே ஏராளமாக இருக்கும். நான் பெட்டியில் கொண்டுபோனவை, அங்கே பரம்பரையாகக் குடியிருக்கும் இனங்களோடு போட்டியிட்டு அந்த விரிசல்களில் இடம்பிடிக்க வேண்டும். பிடித்தால், உள்ளூர் இனங்கள் சோம்பலாக இருக்கும் மண்ணில் நன்மை தெரியும், பிடிக்காவிட்டால் தெரியாது. பயறுவகை ஒன்றையும் பார்த்திராத மண்ணில்தான் பாக்கெட்டின் பலன் கண்கூடாகத் தெரியும். இதைச் சித்தப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஒரு வாட்டி விட்டுப் பாத்துடலாமே" என்றார்.

இந்த ஆடியில் விதைத்தபோது அவராகவே வடக்கு ஓரத்தில் எட்டு உழவுச் சால்களை ஒதுக்கிவிட்டார். நான்கு சாலில் நுண்ணுயிர் பூசாத விதை, மற்றதெல்லாம் வழக்கப்படி. அடுத்த நான்கு சாலில் நுண்ணுயிர் உண்டு, ஜிப்சம் கிடையாது. வரப்போரக் குச்சிகளில் சித்தியின் பழைய சேலையைக் கிழித்து, முன்னதற்குப் பச்சையும் பின்னதற்குச் சிவப்புமாகக் கட்டியிருக்கிறார். ஜிப்சம் இல்லாத சாலில் காய் பொக்காகும் என்று தெரிந்தே விட்டிருக்கிறார். அந்த இழப்பு எவ்வளவு என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு மாலை வாட்ஸப்பில் இரண்டு படங்கள் வந்தன. மண் ஒட்டிய உள்ளங்கையில், பிளேடால் நறுக்கிய முடிச்சுகள். ஒன்று நடுக்கொல்லையில் எடுத்தது, மற்றொன்று பச்சைத்துணிச் சாலில் எடுத்தது. பின்னாலேயே கூப்பிட்டார். "ரெண்டும் செவப்பாத்தாம்பா இருக்கு. நீ கொண்டாந்தது எது, நம்முது எதுன்னு எப்புடிக் கண்டுபுடிக்கிறது?" கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் முடியும் என்றேன். "சரி, எடை போட்டுப் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

ஐப்பசி இரண்டாம் வாரம் செடி பிடுங்குவதாக இருக்கிறது. காய் ஆயும்போது மூன்றையும் மூன்று படுதாவில் தனித்தனியாகப் போட வேண்டும், கூலிக்கு வருகிறவர்கள் தெரியாமல் ஒன்றாகக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சித்தியிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாராம். நான் அந்த வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.